உள்ளங்கை ஈரம்: ஓர் அளவுகோலின் பயணம்

சிறப்புப் பள்ளி மாணவர்களின் பதற்றத்தை அளக்க ஆய்வாளர்கள் கட்டிவிடும் கைப்பட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், உட்புறம் சட்டைப் பித்தான் அளவில் இரண்டு உலோக வட்டுகள் தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தோல் வழியே மிகச் சிறிய மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கட்டியிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தோலில் ஈரம் கூடினால் மின்சாரம் சுலபமாகப் பாயும். ஈரம் வற்றினால் தடைபடும். பட்டை அளப்பது இந்த ஒன்றைத்தான். இதற்குத் தோலின் மின்கடத்துதிறன் என்று பெயர், அலகு மைக்ரோசீமென்ஸ்.

இந்த எளிய அளவு ஒரு சிறுவனின் மணிக்கட்டுக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வழியில் அது மனநோய் விடுதிகளில் தங்கியது, நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறியது, பல்கலைக்கழக அரங்கில் விளக்காக எரிந்தது. தங்கிய இடத்திலெல்லாம் அதற்கு ஒரே வேலைதான் கொடுக்கப்பட்டது: வாயால் சொல்ல முடியாதவர்களின், அல்லது சொன்னாலும் யாரும் நம்பாதவர்களின், உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவது. அந்த வேலையில் பாதியை மட்டுமே அதனால் செய்ய முடியும். மீதிப் பாதி யார் கையில் என்பதை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாகத் தீர்மானித்தது.

ஏன் வியர்வை?

மனித உடலில் இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உடம்பின் பெரும்பகுதியில் அவற்றின் வேலை சூட்டைத் தணிப்பது. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. வெயிலைவிட, திடுக்கிடலுக்கும் எதிர்பார்ப்புக்கும் பயத்துக்கும் அதிகமாகப் பதில் சொல்கின்றன. தேர்வு அறையில் வினாத்தாளை நனைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடலியல் ஆய்வாளர்களுக்கு இந்த வியர்வை பிடித்துப்போனதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. இதயத்தை இரண்டு நரம்பு மண்டலங்கள் எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்று துடிப்பை முடுக்கும், மற்றது அடக்கும். அதனால் நாடித்துடிப்பு கூடும்போது முடுக்கியது கூடியதா, அடக்கியது தளர்ந்ததா என்று உடனே சொல்லிவிட முடியாது. வியர்வைச் சுரப்பிக்கு வரும் கட்டளை, ஆபத்து வேளையில் உடம்பை உசுப்பும் பரிவு நரம்புகளிலிருந்து மட்டுமே வருகிறது. ஓர் ஓசை கேட்ட ஒன்று முதல் மூன்று விநாடிகளுக்குள் தோலில் மின்கடத்துதிறன் எழும்பிவிடும். ஆளின் விருப்பம் அதில் குறுக்கிட முடியாது.

அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களிடம் இப்படி ஒரு சுற்றுவழி எதற்கு, நேரடியாகக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1981ல் அமெரிக்காவில் கேரல் சிகல்மனும் அவருடைய குழுவினரும், ஒரே கேள்வியை நேராகவும் தலைகீழாகவும் கேட்டார்கள். இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றே சொன்னவர்கள் பலர். கேட்பவர் பெரியவர், அவர் முகம் கோணக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் பழக்கப்பட்டவர்களிடமிருந்து வேறு பதில் எப்படி வரும்? வாய்ப்பேச்சே இல்லாதவர்களிடம் இந்த வழியும் கிடையாது.

அருகிலிருப்பவர்களைக் கேட்பதிலும் ஒரு கோணல் உண்டு. 1982ல் ஸ்டீவன் ரைஸும் உடன் பணியாற்றியவர்களும் உளவியலாளர்களிடம் ஒரு நபரின் கடுமையான அச்சத்தை விவரித்து எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்ற தகவலும் சேர்ந்திருந்தபோது, அதே அச்சத்தை உளச்சிக்கலாக மதிப்பிடுவது குறைந்தது. தேர்ந்த நிபுணர்களின் கண்ணிலேயே குறைபாடு பயத்தை மறைத்துவிட்டது. ‘அவன் எப்பவும் அப்படித்தான்’ என்று நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் சொல்லிக் கடந்துபோகும் வாக்கியத்தில் இருப்பதும் இதே மறைப்புத்தான்.

எச்சிலில் கார்ட்டிசால் ஹார்மோனை அளக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ஊசி வேண்டாம், பஞ்சை மென்று குழாயில் போட்டால் போதும். ஆனால் பதற்றம் வந்து இருபது, முப்பது நிமிடங்கள் கழித்தே அது எச்சிலில் உச்சத்தை எட்டும். விடிந்து எழுந்ததும் இயல்பாகவே மிகுந்து, பொழுது ஏற ஏறக் குறையும். வாயில் பஞ்சு வைப்பதே சில மாணவர்களுக்குப் பெரிய அமளி. எந்த நொடியில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், தோலிடம்தான் திரும்பி வர வேண்டும்.

பாரிஸ், பீட்டர்ஸ்பர்க்

கதை பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் தொடங்குகிறது. ழான் மார்ட்டின் ஷார்கோ அங்கே ஹிஸ்டீரியா என்று பெயர் சூட்டப்பட்ட பெண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கை மரத்துப்போயிற்று என்பார்கள், நடக்க முடியவில்லை என்பார்கள். நரம்பில் பழுதேதும் தென்படாது. நடிக்கிறார்களோ என்ற சந்தேகம் அந்த நோயின் நிழலாகவே இருந்தது. ஷார்கோவுடன் பணியாற்றிய ரொமேன் விகுரூ 1879ல் இத்தகைய நோயாளிகளின் தோலில் மின்தடை மாறுவதைக் கவனித்தார்.

1888ல் ஷார்ல் ஃபெரே ஒரு படி மேலே போனார். நோயாளியின் தோலில் சிறு மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே, வண்ணக் கண்ணாடியைக் காட்டினார், இசைக்கவையை ஒலிக்கச் செய்தார், வாசனைகளை முகரவைத்தார். ஒவ்வொன்றுக்கும் கால்வனாமீட்டரின் முள் நகர்ந்தது. தோலின் தடை குறைந்து மின்சாரம் கூடியது. நோயாளி சொல்வதை நம்பாதவர்களும் முள் சொல்வதை நம்ப வேண்டியதாயிற்று.

ஜார்ஜியாவில் பிறந்து பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்த இவான் தர்ஹானவ், 1890ல் வெளியிட்ட ஆய்வில் வெளியிலிருந்து மின்சாரம் எதையும் செலுத்தவில்லை. தோலிலேயே இயல்பாக இருக்கும் மின்னழுத்தத்தை அளந்தார். கிச்சுக்கிச்சு மூட்டினாலும் ஓசை கேட்டாலும் முள் நகர்ந்தது; அதில் வியப்பில்லை. மனக்கணக்குப் போட்டாலும் நகர்ந்தது. நடக்கப்போவதை நினைத்து எதிர்பார்த்தாலும் நகர்ந்தது. வெளியே ஒன்றும் நிகழாதபோதும் உள்ளே நிகழ்வதைத் தோல் காட்டிவிடுகிறது என்பது அங்கே பதிவாயிற்று. மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஒரு மாணவனின் கைப்பட்டை வரையும் கோடு ஏறத் தொடங்குவதை இன்று பார்க்கும் ஆசிரியர் தர்ஹானவின் கண்டுபிடிப்பைத்தான் பார்க்கிறார்.

ஜூரிக்

அடுத்த தங்கல் சுவிட்சர்லாந்து. ஈ. கே. முல்லர் என்ற பொறியாளர் 1904ல் இந்த விளைவைத் தானாகவே மீண்டும் கண்டுபிடித்து நரம்பியல் மருத்துவர் ஓட்டோ வெராகுத்திடம் காட்டினார். அங்கிருந்து அது ஜூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனைக்குப் போய், இளம் மருத்துவராக இருந்த கார்ல் யுங்கின் மேசையில் உட்கார்ந்தது.

யுங்கின் முறை இதுதான். எதிரில் அமர்ந்திருப்பவர் கைகளை உலோகத் தகடுகளின்மேல் வைத்திருப்பார். மருத்துவர் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். எதிரில் இருப்பவர் தன் மனதில் முதலில் தோன்றும் சொல்லைப் பதிலாகச் சொல்ல வேண்டும். கால்வனாமீட்டரின் கண்ணாடியிலிருந்து விழும் ஒளிப்புள்ளி அளவுகோலின்மேல் நகரும். சாதாரணச் சொற்களுக்குச் சற்றே அசையும் புள்ளி, ஏதோ ஒரு சொல்லுக்கு வெகுதூரம் போகும். நியூயார்க்கிலிருந்து வந்திருந்த ஃபிரடெரிக் பீட்டர்சனுடன் சேர்ந்து யுங் இதை 1907ல் ‘பிரெய்ன்’ இதழில் எழுதினார். நலமுள்ளவர்கள், மனநோயாளிகள் இரு சாராரையும் அளந்த ஆய்வு அது.

ஒளிப்புள்ளி இடத்தைக் காட்டியது; அர்த்தத்தைக் காட்டவில்லை. இந்தச் சொல்லில் ஏதோ இருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யுங் அந்த மனிதருடன் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. கருவிக்கும் மனிதருக்கும் இடையிலான இந்த வேலைப் பிரிவினை ஜூரிக்கில் சரியாக இருந்தது. அடுத்த ஊரில் அது குலைந்தது.

நியூயார்க் நீதிமன்றம்

1930களில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தின் இயேசு சபைப் பாதிரியார் வால்டர் சம்மர்ஸ், தோலின் மின்தடையை அளக்கும் ஒரு பெட்டியை உருவாக்கிப் பேத்தோமீட்டர் என்று பெயரிட்டார். பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று அதை முன்வைத்தார். 1938ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி நீதிமன்றம் ஒரு வழக்கில் அதன் முடிவைச் சான்றாக ஏற்றது. லியனார்ட் கீலரின் பொய்யறியும் கருவியான பாலிகிராஃபிலும் மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு தோலின் அளவும் சேர்ந்துகொண்டது.

இங்கே நேர்ந்த பிழை வெளிப்படையானது. பொய் சொல்பவருக்கும் கை வியர்க்கும். தன்னை யாரும் நம்பமாட்டார்களோ என்று அஞ்சும் நிரபராதிக்கும் வியர்க்கும். எவ்வளவு என்று மட்டுமே சொல்லத் தெரிந்த கருவியை, என்ன என்றும் சொல்லவைத்தார்கள். அது பேசியதாக நினைத்தது உண்மையில் விசாரணை அதிகாரியின் ஊகம். 2003ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு பாலிகிராஃபின் அறிவியல் அடித்தளம் பலவீனமானது என்று அறிக்கை தந்தது.

இந்தக் கதையில் டேவிட் லிக்கன் என்ற மின்னசோட்டா உளவியலாளருக்குத் தனி இடம் உண்டு. தோலின் அளவை ஆய்வகத்துக்கு ஆய்வகம் விதவிதமாக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1971ல் பீட்டர் வெனபிள்ஸுடன் சேர்ந்து அதற்கு ஒழுங்கு வகுத்தவர் அவர். அரை வோல்ட் நிலையான மின்னழுத்தத்தைக் கொடுத்து, பாயும் மின்சாரத்தை அளந்து, கடத்துதிறனாகவே பதிவுசெய்வது அவர்கள் முன்மொழிந்த முறை. பொய்யறியும் சோதனையை வாழ்நாள் முழுதும் கடுமையாக எதிர்த்தவரும் இதே லிக்கன்தான். அளவைத் துல்லியமாக்கியவருக்கே அது எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், 2010 மே மாதம், பாலிகிராஃப் உள்ளிட்ட சோதனைகளை ஒருவரின் சம்மதமின்றி அவர்மேல் திணிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. உடல் காட்டும் பதிலும் ஒருவகை வாக்குமூலமே. அதைத் தர மறுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு என்பது அதன் சாரம். மாணவர்களிடம் வரும்போது இந்தத் தீர்ப்பை மறந்துவிடக் கூடாது.

ப்ராவிடன்ஸ், கேம்பிரிட்ஜ்

இதுவரை கருவி இருந்த வடிவத்தில் சிறப்புப் பள்ளிக்குள் நுழைந்திருக்க முடியாது. விரல்களில் பசை தடவி மின்முனை ஒட்டி, ஒயர் மாட்டி, கையை அசைக்காமல் உட்காரச் சொன்னால் எந்தக் குழந்தை உட்காரும்? பதற்றத்தை அளக்கப் போய்ப் பதற்றத்தை உண்டாக்குவதில்தான் அது முடியும்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ப்ராவிடன்ஸ் நகரில் க்ரோடன் மையம், ஆட்டிசமும் வளர்ச்சிக் குறைபாடுகளும் உள்ளவர்களுக்காக நடக்கும் நிறுவனம். ஜூன் க்ரோடனும் சகாக்களும் இவர்களுக்கென்றே ஒரு நெருக்கடிக் கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். அன்றாட நிகழ்வுகள் ஒவ்வொன்றும் மாணவரை எவ்வளவு பாதிக்கிறது என்று, அவரை நன்றாக அறிந்த ஒருவர் மதிப்பெண் போட வேண்டும். மாற்றங்கள், காத்திருத்தல், புலன் தொந்தரவு, உணவு, சடங்குபோல் செய்யும் செயல் தடைபடுதல் என எட்டுப் பிரிவுகள் அதில் உண்டு. அவற்றில் ஒன்று, மகிழ்ச்சியான நிகழ்வுகள். பிறந்தநாள் விழாவும் பாராட்டும்கூட ஒருவரை நிலைகுலைக்கலாம் என்று பட்டியல் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதே மையத்தோடு இணைந்து, ஆட்டிசமுள்ளவர்களின் இதயத்துடிப்பை அவர்கள் அன்றாடம் சந்திக்கும் சூழல்களில் அளந்து 2006ல் ஆய்வு வெளியிட்டவர் மாத்யூ குட்வின். அவர் பின்னால் மறுபடி வருவார்.

ஒயரை அறுத்த வேலை மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி. மீடியா லேபில் நடந்தது. ரோஸலிண்ட் பிக்கார்ட் 1997ல் உணர்ச்சியைக் கணினிக்குப் புரியவைக்கும் துறைக்கு அடிக்கல்லான நூலை எழுதினார். அவருடைய குழு, 1999 வாக்கில் ஒரு கையுறையைச் செய்தது. உள்ளங்கை ஈரம் கூடக்கூட அதிலிருந்த சிறு விளக்கு பிரகாசமாக எரியும். அரங்கு நிறைந்த கூட்டத்துக்கு அதைக் கொடுத்தபோது, பேச்சு சூடு பிடித்த இடங்களில் விளக்குகள் எழுந்து அடங்கின. பிறகு கையுறை சுருங்கிக் கைப்பட்டை ஆயிற்று. மிங் ஷெர் போ, பிக்கார்ட் முதலியோர் 2010ல் வெளியிட்ட கட்டுரை, நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் மணிக்கட்டிலிருந்து நம்பத்தக்க அளவு கிடைக்கும் என்று காட்டியது. ஆய்வகத்துக்கு மனிதர் போன காலம் முடிந்து, மனிதர் இருக்கும் இடத்துக்கு அளவு போகத் தொடங்கியது.

ஒரு வீடு

இந்தப் பட்டையின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஒரு விடுமுறையின்போது நேர்ந்தது. பிக்கார்டே பலமுறை பொதுவெளியில் சொல்லியிருக்கும் நிகழ்ச்சி அது. அவருடைய ஆய்வகத்தில் படித்துக்கொண்டிருந்த இளநிலை மாணவர் ஒருவர், ஊருக்குப் போகும்முன் பட்டையை இரவல் கேட்டார். பேச்சு வராத, ஆட்டிசமுள்ள தன் தம்பிக்கு எதனால் பதற்றம் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று பிக்கார்ட் இரண்டு பட்டைகளைக் கொடுத்தார். அண்ணன் தம்பியின் இரண்டு கைகளிலும் கட்டினார்.

வந்து சேர்ந்த தரவைத் திரையில் ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு வந்த பிக்கார்ட், ஒரு நாளில் நின்றார். ஒரு கையின் கோடு அதுவரை பார்த்தறியாத உயரத்துக்கு எழுந்திருந்தது. மறு கையில் அசைவே இல்லை. ஒரே உடம்பு இரண்டு பேச்சுப் பேசுமா? கருவி கெட்டுவிட்டது என்று சந்தேகித்து எல்லாவற்றையும் சரிபார்த்தார், கெடவில்லை. கடைசியில் மாணவரை விடுமுறையிலேயே தொலைபேசியில் அழைத்து, இன்ன நாள், இன்ன நேரம் என்ன நடந்தது என்று கேட்டார். அவர் நாட்குறிப்பைப் புரட்டிச் சொன்னார்: அந்த வேளையையொட்டித்தான் தம்பிக்குப் பெரிய வலிப்பு வந்தது.

மூளையின் ஆழத்திலுள்ள சில பகுதிகளில் மின்கிளர்ச்சி எழும்போது, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் தோலின் அளவு ஏறக்கூடும் என்பது அதன்பின் விளங்கியது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து ஆய்வுகள் நடந்தன. பட்டை ஒரு மருத்துவக் கருவியாக வளர்ந்தது. மிலானில் தொடங்கிய எம்பாட்டிகா நிறுவனத்தின் கைப்பட்டைக்கு, பெரிய வலிப்புகளைக் கண்டு எச்சரிப்பதற்காக 2018ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு என்பதால், ஒருவனின் பதற்றத்தைத் தேடிப் போன பட்டை அந்தச் சமூகத்துக்கே வேறொரு கதவைத் திறந்தது.

இந்நிகழ்ச்சியைக் கருவியின் வெற்றியாகவே எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் கோடு மட்டும் இருந்திருந்தால் அது ‘பழுது’ என்று அழிக்கப்பட்டிருக்கும். அண்ணன் எழுதிவைத்த நாட்குறிப்பு அதை வலிப்பாக்கியது.

மருத்துவமனை விடுதி

க்ரோடன் மையத்திலிருந்து வந்த குட்வின், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டார். மனநலப் பிரிவில் உள்நோயாளிகளாகத் தங்கியிருக்கும் ஆட்டிசமுள்ள இளையோர் சிலர் திடீரென்று பிறரைத் தாக்குகிறார்கள். ‘திடீரென்று’ என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றுகிறது. உடம்புக்குள் அது முன்பே தொடங்கியிருக்குமா?

2019ல் வெளியான ஆய்வில் 20 பேர், பெரும்பாலோர் பேச்சு மிகக் குறைந்தவர்கள், கைப்பட்டை கட்டிக்கொண்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் 87 மணி நேரம் பக்கத்திலிருந்து நடப்பதைக் குறித்தார்கள். தோலின் ஈரம், நாடி, அசைவு ஆகியவற்றின் கடைசி மூன்று நிமிடத் தரவைக் கொண்டு, அடுத்த ஒரு நிமிடத்தில் தாக்குதல் வருமா என்று கணினி கணித்தது. கணிப்பின் தரத்தைச் சொல்லும் எண்ணில் 0.5 என்றால் நாணயம் சுண்டுவது. 1 என்றால் பிழையே இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு சூத்திரம் 0.71 பெற்றது. ஒவ்வொருவருக்கும் அவரவர் தரவிலிருந்தே செய்த சூத்திரம் 0.84 பெற்றது. 2023ல் 70 பேரை 429 மணி நேரம் கவனித்த பெரிய ஆய்வு, மூன்று நிமிடம் முன்கூட்டியே 0.80 தரத்தில் கணிக்க முடியும் என்றது.

0.71க்கும் 0.84க்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பதற்றக் கோடு என்று ஒன்றை நம்பினால் இழப்பு அவ்வளவு. இந்தப் பையனை இத்தனை நாள் பார்த்திருக்கிறேன், இவனுக்கு இதுதான் வழக்கம் என்ற அறிவைக் கணக்கிலும் சேர்த்தால் கிடைப்பது அவ்வளவு. பழகிய ஆயாம்மாவும் சிறப்பாசிரியரும் கணக்கில்லாமல் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

வகுப்பறை

வகுப்பறைக்குள் வந்ததும் பட்டைக்குப் பல சோதனைகள் காத்திருக்கின்றன. முதலாவது, சந்தோஷம். ஊஞ்சலில் கத்திச் சிரிக்கும் குழந்தையின் கோடும், மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்தும் குழந்தையின் கோடும் ஒன்றுபோலவே ஏறும். கிளர்ச்சியின் அளவு தெரியும், நிறம் தெரியாது. அடுத்தது, அசைவு. ஓடினாலும் கையைத் தட்டினாலும் வியர்க்கும், வட்டு தோலை விட்டு நகரும். அதனால்தான் அசைவை அளக்கும் உணரி ஒன்றும் பட்டைக்குள் இருக்கிறது. மூன்றாவது, வெயில். மணிக்கட்டு உள்ளங்கை அல்ல. உடம்புச் சூட்டைத் தணிக்கும் வியர்வையும் அங்கே கலக்கிறது. மின்விசிறி மட்டும் சுழலும் சித்திரை மாத வகுப்பில் எது பதற்றம், எது புழுக்கம் என்று பிரிக்க, அறையின் வெப்பத்தையும் கூடவே குறித்தாக வேண்டும்.

நான்காவதை மருந்துச் சீட்டைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. வியர்வைச் சுரப்பிக்குக் கட்டளை கொண்டுபோகும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். அதைத் தடுக்கும் மருந்துகள் வியர்வையையும் தடுக்கும். மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்காகத் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அந்த வகை. வலிப்புக்குத் தரும் டோபிரமேட்டும் வியர்வையைக் குறைக்கக்கூடியது. சிறப்புப் பள்ளி மாணவர்களில் பலர் இத்தகைய மருந்துகளில் இருப்பவர்கள். அவர்கள் கோடு தட்டையாக இருப்பதைப் பார்த்து ‘பையன் நிம்மதியாக இருக்கிறான்’ என்று எழுதிவிட்டால், கருவி கொடுத்த பொய்ச் சாட்சியில் ஒரு குழந்தை தவித்துக்கொண்டிருக்கும். மருந்தே இல்லாவிட்டாலும் சிலருக்குத் தோலின் பதில் இயல்பிலேயே மிகக் குறைவு.

கடைசியாக, பட்டையே ஒரு தொந்தரவு. தோலில் எதுவும் ஒட்டியிருக்கச் சகிக்காத குழந்தைகள் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஸீக் ஸ்டியர், மறதி நோயால் பதற்றப்பட்ட தன் கொள்ளுப்பாட்டியை நினைத்து, உணரிகளைக் காலுறைக்குள் வைத்தார். காலுறை யாருக்கும் பழகிய பொருள். பாதத்தில் வியர்வைச் சுரப்பியும் அதிகம். மறதி நோயாளிகளோடு ஆட்டிசமுள்ளவர்களுக்கும் அது பயன்படும் என்பது எதிர்பார்ப்பு. மணிக்கட்டிலிருந்து பயணம் இப்போது பாதத்துக்கு இறங்கியிருக்கிறது. எங்கே இறங்கினாலும் மேற்சொன்ன நான்கு சோதனைகளும் பின்னாலேயே வரும்.

ஆகவே, வகுப்பில் இதைக் கட்டுபவர்கள் சில ஒழுக்கங்களைக் கைவிடக் கூடாது. ஒரு மாணவரை இன்னொரு மாணவரோடு ஒப்பிடாமல், அவருடைய சாதாரண நாளோடு மட்டும் ஒப்பிட வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில், மணி பார்த்து எழுதிய நாட்குறிப்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: எப்போது மணியடித்தது, யார் உள்ளே வந்தார்கள், எந்தப் பாடம் மாறியது, மதிய மாத்திரை எப்போது. அம்மாவும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்காத கோட்டை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

யாருடைய சம்மதம்?

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் தரவையும், சட்டப்படி பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிகளின் தரவையும் கையாள, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. பாதுகாவலர் கையெழுத்திட்டால் தாள் நிறைந்துவிடும். மாணவர்?

குற்றம் சாட்டப்பட்டவர் பாலிகிராஃப் வேண்டாம் என்று சொல்ல முடியும். அவருக்கு ஒரு தீர்ப்பு துணை நிற்கிறது. பேச்சு வராத பதினாறு வயதுப் பையன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? பட்டையைப் பிடுங்கி எறிவான். ஆய்வுப் பதிவேட்டில் அது ‘தரவு இழப்பு’ என்று போகும். அதைப் பதிலாக மதித்து, அன்றைக்கு அளவெடுப்பதை நிறுத்துகிற பள்ளிக்கு மட்டுமே இந்தப் பட்டையைக் கட்டும் தகுதி உண்டு. அவன் வாயில் சொல் இல்லை என்பதற்காகத்தானே கருவியைக் கொண்டுவந்தோம். அவன் கை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் பிறகு என்ன அளவு?

எண் வந்தபின் என்ன செய்கிறோம் என்பதில் இன்னொரு பிரிவு இருக்கிறது. மூன்று நிமிடம் முன்னதாக எச்சரிக்கை வரும் என்றால், அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு காரியம் செய்யலாம். பெரியவர்களை அழைத்துச் சுற்றி நிற்கவைத்து, அவனை அடக்கத் தயாராகலாம். அல்லது சத்தத்தை நிறுத்தி, கேள்வியை விலக்கி, அவனுக்கு வெளியே போக வழிவிடலாம். முதல் வழி, கருவியை மீண்டும் விசாரணை அறைக்குக் கொண்டுபோகிறது: ஆளைப் பிடிக்க உதவும் கருவியாக. இரண்டாம் வழி, கோட்டின் ஏற்றத்தை அவன்மேல் எழுதிய குற்றப்பத்திரிகையாகப் படிக்காமல், அவனைச் சுற்றியிருப்பவற்றின்மேல் வந்த புகாராகப் படிக்கிறது.

இந்தப் பட்டையைப் பள்ளியில் கட்டுவதென்றால் அதன் முடிவுகள் முதலில் போக வேண்டிய இடம் மாணவரின் கோப்பு அல்ல. கால அட்டவணை போடுபவரின் மேசை. ஒரு வாரக் கோட்டில் மூன்று நாள் ஒரே நேரத்தில் ஏற்றம் இருந்தால், அந்த நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மணியின் ஒலியைக் குறைப்பது, பாடம் மாறும்முன் படம் காட்டி முன்னறிவிப்பது, சாப்பாட்டு வரிசையில் காத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவது ஆகியவற்றுக்குப் பணம் அதிகம் ஆகாது. மறுவாரம் அதே மணியில் கோடு தாழ்ந்திருந்தால் மாற்றம் சரி. தாழவில்லையென்றால் வேறொன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். பாரிஸ் முதல் நியூயார்க் வரை கருவிக்கு எதிரில் அமர்ந்தவரையே அது சோதித்தது. பள்ளியில் அது முதன்முறையாக, கட்டிவிட்டவர்களையும் சோதிக்கும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறது. அந்தச் சோதனைக்கு உட்காரத் தயாரான பள்ளிகள் இதை வாங்கட்டும்.